றெஜினாக்காவின் எண்ணப்படாத வாக்கு

போன வாரம் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். சண்டை நின்று பாதை திறந்திருக்கிறதே... யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி நேரே போய் இறங்கினேன்.

பெரிய ஹோட்டல். ஏசிக் குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'ஆசியாவில் ஜனநாயகமும் முற்போக்கு அரசியலும்' என்று மேடையில் எழுதியிருந்தது. பேராசிரியர்களுக்கு நடுவே ஓரிரு பள்ளிக்கூட ஆசிரியர்களும் இருந்தால் நல்லது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அப்படித்தான் இந்தக் கணக்கு ரீச்சருக்கும் ஓர் அழைப்பு.

திரையில் ஆசியாவின் படம். நாடுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் தீட்டியிருந்தார்கள். பேசியவர் கெட்டிக்காரர். ஆனால் ஓரிடத்தில் இப்படிச் சொன்னார்: "ஆசியாவின் சாதாரண மக்களுக்கு வாக்கின் பெறுமதி இன்னும் பிடிபடவில்லை. ஒரு சாப்பாட்டுப் பார்சலுக்கோ ஒரு வெருட்டலுக்கோ விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். மக்கள் தயாராகும் வரை முற்போக்கு அரசியல் காத்திருக்கத்தான் வேண்டும்."

எனக்குச் சுரீரென்றது. யார் தயாரில்லை?

பக்கத்துக் கதிரையில் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆசிரியை ஒருவர் இருந்தார். தேநீர் நேரத்தில்தான் பழக்கம். அவர்களுடைய நாட்டிலும் தேர்தல் கடமை ஆசிரியர்களுடைய தலையில்தானாம். வாக்குப் பெட்டியைக் காப்பாற்ற இரவிரவாக முழித்திருந்திருக்கிறாராம். அவர் என் முழங்கையில் மெல்ல இடித்தார். "எழும்பிச் சொல்லுங்கள்" என்பது மாதிரி.

கூட்டத்தில் கை தூக்குகிற ஆள் நானில்லை. அன்று தூக்கினேன். ஐந்து நிமிடம் தந்தார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அரைவாசிக் கதைதான் சொல்ல முடிந்தது. உங்களுக்கு முழுதையும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு தேர்தல். சமாதானப் பேச்சு எதுவும் கண்ணுக்கே தெரியாத காலம். என்னைத் தீவுப்பகுதியில், நாரந்தனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வாக்களிப்பு நிலையத் தலைமை அலுவலராகப் போட்டிருந்தார்கள். தீவுப்பகுதி என்றால் அப்போது எங்கள் ஆசிரியர்கள் கடமைக்குத் தப்ப மருத்துவச் சான்றிதழ் தேடி ஓடுவார்கள். நானும் தேடினேன்... டொக்டர் லீவில் போயிருந்தார். ஆகவே பண்ணைப் பாலம் தாண்டி, பொலிஸ் காவலோடு, வாக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளாத குறையாகப் போய்ச் சேர்ந்தேன்.

காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தது. எட்டு மணியிலிருந்து இளந்தாரிகளும் சில இளம் பெண்களும் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாக்காளர் அட்டை. அட்டையில் இருக்கிற பெயரைச் சொல்வார்கள், வாக்குச் சீட்டை வாங்குவார்கள், போவார்கள்.

என்னுடைய குழுவில் அந்த ஊரைத் தெரிந்தவர் ஒருவர்தான். குணம் மாஸ்டர். பெயர்ப் பட்டியலில் கோடு கீறுவது அவருடைய வேலை. அவர் என் காதுக்குள் சொன்னார்: "ரீச்சர், இப்ப வந்த செல்லத்துரை பழைய போஸ்ற் மாஸ்டர். எழுபது வயசாச்சு. கனடாவில மகளோட இருக்கிறார்."

நிமிர்ந்து பார்த்தேன். செல்லத்துரை காற்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி, மீசை அரும்பிய முகத்தோடு, மறைப்புக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

படலைக்கு வெளியே, அவர்களை அனுப்பிய கட்சியின் வெள்ளை வான் நின்றது. அதற்குள் துவக்குகள் இருந்தன. வாசலில் நின்ற பொலிஸ்காரர் தன்னுடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். 'நீர்தான் இந்த ஆளோ?' என்று கேட்கவேண்டும். 'ஓம்' என்றால் சீட்டுக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதானே? கேட்டேன். 'ஓம்' என்றார்கள். கொடுத்தேன்.

சட்டத்தில் அதற்குப் பிறகும் சில பக்கங்கள் உண்டு. எனக்கு அவை தெரியும். தெரிந்தபடியே இருந்தேன். அன்றைய காலையைப் பற்றி எனக்குப் பெருமை எதுவும் கிடையாது.

பதினொரு மணிபோல ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். கருவாடு காயப்போட்ட கையைக் கழுவிய ஈரம் சட்டையில் தெரிந்தது. அடையாள அட்டையைக் குணம் மாஸ்டருக்கு முன்னால் வைத்தார். பட்டியலைப் பார்த்த மாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பெயரில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது.

"அக்கா... உங்கட வாக்குப் போட்டாச்சு" என்றார் மாஸ்டர்.

"ஆர் போட்டது?"

மாஸ்டர் பட்டியலில் விழுந்திருந்த கோட்டைக் காட்டினார்.

"என்ர வாக்காளர் அட்டையை முந்தநாள் வந்து வாங்கிக்கொண்டு போனவை. பத்திரமா வைச்சுத் தாறமெண்டு சொன்னவை." இடது கையை நீட்டிச் சின்னவிரலை எனக்குக் காட்டினார். "இதில மை இருக்கோ? நல்லாப் பாருங்கோ ரீச்சர்."

மை இல்லை. உப்பில் ஊறி வெடித்த விரல். அவ்வளவுதான்.

சுவரோரமாக வாங்குப் பலகையில் இருந்த கட்சி முகவர்களில் ஒருவன் எழும்பினான். வானில் வந்தவர்களுடைய ஆள். "றெஜினாக்கா, வெயிலுக்க நிண்டு என்ன செய்யப் போறியள்? வீட்ட போங்கோ" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

நானும் சொன்னேன்... எழுதக் கூச்சமாக இருக்கிறது... "இப்ப போறதுதான் உங்களுக்கு நல்லம்" என்று நானும் சொன்னேன்.

றெஜினாக்கா அசையவில்லை. என் முகத்தை நேரே பார்த்துக் கேட்டார்: "ரீச்சர், இப்பிடி நடந்தால் என்ன செய்யலாமெண்டு உங்கட சட்டத்தில ஒண்டும் எழுதேல்லையோ?"

கேட்டது ஒரு மீன்காரப் பெண். பதில் தெரிந்துகொண்டே கையைக் கட்டி இருந்தது இருபத்தைந்து வருடம் படிப்பித்த நான்.

"எழுதியிருக்கு" என்றேன்.

தேர்தல் சாமான்களோடு வேறு நிறத்தில் ஒரு கட்டுச் சீட்டு வரும். ஒருவருடைய வாக்கை வேறொருவர் போட்டுவிட்டால், உண்மையான ஆளுக்குக் கொடுப்பதற்கு. முதலில் அவர் 'நான்தான் இன்னார்' என்று உறுதி சொல்லிக் கையெழுத்து வைக்கவேண்டும். பிறகு தன் தெரிவுக்குப் புள்ளடி போட்ட சீட்டை என்னிடம் தரவேண்டும். நான் அதில் அவருடைய பெயரையும் இலக்கத்தையும் எழுதி, தனியான உறையில் வைப்பேன். பெட்டிக்குள் அது போகாது.

இதையெல்லாம் விளங்கப்படுத்தினேன்.

"எண்ணுவினமோ?"

"இல்லை அக்கா. தேர்தல் பிழையெண்டு ஆரும் வழக்குப் போட்டால் நீதிமன்றத்தில எடுத்துப் பாப்பினம். மற்றும்படி எண்ணமாட்டினம்."

வானில் வந்தவர்களுடைய ஆள் சிரித்தான். "அதோட, சீட்டில பேர் எழுதினால் ஆருக்குப் போட்டனீங்கள் எண்டும் தெரிஞ்சுபோம் அக்கா. யோசிச்சுச் செய்யுங்கோ."

அவன் சொன்னது உண்மை. எண்ணப்படாத ஒரு வாக்குக்காக இந்த மனுசி ஏன் ஆபத்தை விலைக்கு வாங்கவேண்டும்?

றெஜினாக்கா அவன் பக்கம் திரும்பினார்.

"நீர்தானே எனக்காகப் போட்டு முடிச்சிட்டீர், தம்பி. நான் ஆருக்குப் போடுறனெண்டு தெரிஞ்சு இனி என்ன செய்யப் போறீர்?"

பிறகு என்னிடம்: "களவாப் போட்டவையும் எழுதட்டும், நானும் எழுதுறன். எழுதினது கிடக்கும். தாங்கோ ரீச்சர்."

கையெழுத்து வைத்தார். ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி. மறைப்புக்குப் பின்னால் போனார். மடித்த சீட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். மாஸ்டர் அவருடைய சின்னவிரலில் மை பூசினார். அதை ஊதிக் காயவைத்தபடி வெளியே நடந்தார்.

முற்றத்தில் சில பெண்கள் நின்றார்கள். தங்களுடைய வாக்கும் போயிருக்கும் என்று தெரிந்து, உள்ளே வரவா திரும்பவா என்று தயங்கியவர்கள். ஒருத்தி கேட்டது எனக்குக் கேட்டது: "போட்டியோடி?"

"போட்டனான்."

அவ்வளவுதான் சொன்னார். பேச்சுக் கீச்சு ஒன்றும் இல்லை. அடுத்த நிமிடம் அந்தப் பெண்கள் உள்ளே வந்தார்கள். பிறகு அவர்களுடைய புருசன்மார். பின்னேரம் கதவு பூட்டும்போது என்னுடைய உறையில் இருபத்தாறு சீட்டுகள் இருந்தன. இருபத்தாறும் எண்ணப்படாதவை. இருபத்தாறிலும் பெயர் இருந்தது.

எனக்கும் ஏதோ நடந்துவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு வந்த 'செல்லத்துரை'களிடம் நானும் உறுதிப் பத்திரத்தை நீட்டினேன். "இதில கையெழுத்து வைச்சிட்டு வாங்கோ. பொய்யெண்டால் பிடிச்சு மறியலில போடுவினம்." முதலாமவன் பேனையை எடுத்தான், வைத்தான், போய்விட்டான். இரண்டாமவனும் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் வானிலிருந்து ஒருவர் இறங்கி வந்து என் மேசையில் கையூன்றி நின்றார்.

"ரீச்சர் இண்டைக்கு யாழ்ப்பாணம் திரும்பவேணுமெல்லோ?"

"ஓம்" என்றேன். "பெட்டியோடதான் திரும்புவன்."

உறுதிப் பத்திரக் கட்டை மேசை நடுவுக்கு இழுத்து வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

பெட்டியோடுதான் திரும்பினேன்.

முடிவு? அந்தப் பெட்டியில் அவர்கள்தான் வென்றார்கள். வேறென்ன நடக்கும்? வழக்கும் வரவில்லை, உறையை யாரும் உடைக்கவுமில்லை.

இரண்டு கிழமை கழித்துக் குணம் மாஸ்டர் தகவல் அனுப்பினார். றெஜினாக்காவின் புருசன் யோசப்புவின் வலைகளைக் கரையில் வைத்தே யாரோ வெட்டிவிட்டார்களாம். யாரென்று ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு நான் போனேன். அந்தச் சட்டப் பக்கத்தைத் திறந்து காட்டியது நானல்லவா? மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வழிநெடுகச் சொற்களை அடுக்கிக்கொண்டு போனேன்.

வீட்டு முற்றத்தில் வெட்டுண்ட வலை விரிந்து கிடந்தது. சுற்றிவர ஏழெட்டுப் பேர். அன்று வரிசையில் வந்த பெண்களேதான்! ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெட்டுகளைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னாலதான் உங்களுக்கு இந்தக் கரைச்சல்" என்று தொடங்கினேன்.

றெஜினாக்கா நிமிர்ந்து பார்த்தார். "நீங்களே வெட்டினனீங்கள்? இருங்கோ ரீச்சர், தேத்தண்ணி குடியுங்கோ."

யோசப்பு அண்ணை வேலியோரமாக நின்று, "நான் போகவேண்டாமெண்டுதான் சொன்னனான்" என்று முணுமுணுத்தார். பிறகு அவரே, "எண்டாலும் அண்டைக்கு இவளின்ர நடையைப் பாத்திருக்கவேணும் ரீச்சர்" என்று சொல்லிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

தேநீர் பாதி குடித்திருப்பேன். றெஜினாக்கா கேட்டார்:

"வாக்குப் போடுறது எத்தினை மணிக்குத் துடங்குறது?"

"ஏழு மணிக்கு."

"வாக்காளர் அட்டை இல்லாட்டிலும் விடுவினமோ?"

"அடையாள அட்டை இருந்தால் காணும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவங்கள் எழும்பி முகம் கழுவ எட்டு மணியாகும்" என்றார் றெஜினாக்கா. முற்றம் முழுக்கச் சிரிப்பு.

அடுத்த தேர்தல் வந்தது. எல்லோரும் தீவுப்பகுதி வேண்டாமென்று எழுதிக் கொடுத்தபோது, நான் அதே பள்ளிக்கூடத்தைத் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். தேர்தல் கந்தோரில் இருந்தவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

அன்று விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்து வெளியே பார்த்தேன். படலையிலிருந்து ஒழுங்கை திரும்புகிற முடக்கு வரை ஆட்கள். தலை தோய்ந்து, நல்ல சேலை உடுத்து, தேவாலயத்துக்கு வந்தமாதிரி நின்றார்கள். கடலுக்குப் போகவேண்டிய ஆண்கள் அன்று போகவில்லை. அனலைதீவில் கலியாணம் முடித்துப் போன பெண் ஒருத்தி, பெயர் இன்னும் இங்கே இருக்கிறது என்பதற்காக, முதல்நாளே வள்ளத்தில் வந்து தங்கியிருந்தாள்.

வெள்ளை வான் எட்டேகாலுக்கு வந்தது. அதற்குள் ஊர் போட்டு முடித்திருந்தது. அட்டைகளோடு இறங்கியவர்கள் ஒரு பெயரைச் சொன்னார்கள். கோடு விழுந்திருந்தது. இன்னொரு பெயரைச் சொன்னார்கள். அதிலும் கோடு. குணம் மாஸ்டர் மிகுந்த துக்கத்தோடு தலையாட்டினார்: "ஐயோ தம்பி, அவை வந்து போட்டிட்டினம்."

கனடாக்காரர்களுடைய பெயர்கள் மட்டும் மிச்சம் இருந்தன. அதற்கு உறுதிப் பத்திரம் என்னிடம் தயாராக இருந்தது. வான் ஒன்பது மணிக்கே திரும்பிவிட்டது.

கொழும்புக் கெட்டிக்காரரிடம் நான் கேட்க நினைத்தது இதுதான்: ஐயா, தயாராகவேண்டியது யார்? இந்தச் சனமா? படித்த நானல்லவா கதிரையில் உறைந்துபோய் இருந்தேன்! நாட்டுக்கு நிறம் தீட்டுகிறவர்கள், கொஞ்சம் அதிகாலையில் எழும்பி, ஒழுங்கை முடக்கு வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் தீட்டலாம்.

அந்தத் தேர்தலன்று பின்னேரம் பெட்டியை மூடி அரக்கு வைத்த பிறகு, தலைமை அலுவலர் நிரப்பவேண்டிய படிவம் ஒன்று இருந்தது. அதில் 'விசேட சம்பவங்கள் ஏதும் இருப்பின்' என்று ஒரு கட்டம். 'எதுவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையோடு நான் ஒரு பொய்யும் எழுதியதில்லை.