இரண்டு பெட்டிகளும் ஒரு காலடியும்

இதை எழுதுகிறவன் பிரபாவதியை முதன்முதலில் பார்த்தது ஒரு புளியமரத்தின் கிளையில். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் அவனுடைய தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். தெருக்காரர்கள் ஃப்ளெக்ஸ் அடித்து, மைக்செட் சொல்லி, ஒரு சாயங்காலத்தையே விழாவாக்கிவிட்டார்கள். மைக்செட்டோடு வந்தவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறி, கூம்பு ஸ்பீக்கரைக் கிளையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உங்க வூட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லியா?" என்று கீழே நின்ற ஒருவர் கேட்டார்.

"இருக்காங்கண்ணா. அவங்களுக்கு மரம்னா பயம். நீங்க வேணா ஏறுறீங்களா, வயரை தரேன்" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அன்று மேடையில் யார் என்ன பேசினார்கள் என்பது மறந்துவிட்டது. அந்தப் பதில் மறக்கவில்லை.

பிரபாவதியின் அப்பா தனகோட்டி நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். ஷிப்ட் இல்லாத நேரத்தில் மைக்செட் கட்டப் போவார். பெர்மனென்ட் ஆகிவிடுவோம் என்று காத்திருந்தே மூச்சிரைப்பு வந்து உட்கார்ந்துவிட்டார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்த மகள் கடையை எடுத்துக்கொண்டாள். மந்தாரக்குப்பத்தில் சைக்கிள் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கடை. காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் போவாள். இடையில் பாட்டு ரெக்கார்டிங்கிலும் ஆசை வந்து ஒரு இன்டர்ஃபேஸ் வாங்கினாள். மைக்கில் விழுகிற சத்தத்தை லேப்டாப்புக்குள் தனித்தனி வரிசையாக அனுப்புகிற பெட்டி அது. எட்டு மைக் மாட்டலாம்.

2016இல் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பட்டம்மாள் அந்தக் கடைக்கு வந்தாள். அவள் புருஷன் கொளஞ்சிநாதன் வெளியிலேயே, சைக்கிள் கடை ஓரமாக நின்றுவிட்டார். சுற்றுப்பட்டுக் கோயில் திருவிழாக்களில் அவருடைய பாட்டுக்குழுவைத் தெரியாதவர்கள் கிடையாது. பகலில் மைன்ஸில் நிலக்கரி ஏறிப்போகும் பெல்ட் பாதையைச் சுத்தம் செய்யும் கான்ட்ராக்ட் வேலை. ராத்திரியில் மேடை. பாதிப் பாட்டுகள் அவரே கட்டியவை.

"பிரபா, தொண்டையில கட்டியாம். கொரல்வளையவே எடுத்துடணும்ங்கிறாரு டாக்டரு. திங்கக்கெழம பாண்டிச்சேரில அட்மிட் பண்றோம். அதுக்குள்ள இவரு பாட்டை புடிச்சி குடுத்துடு."

"போன்ல எல்லாம் எடுத்து வச்சிருப்பாங்களே அண்ணி?"

"இருக்குது. எல்லாத்துலயும் பசங்க விசிலுதான் கேக்குது. இவரு கொரலு எங்க இருக்குது?"

கொளஞ்சிநாதன் உள்ளே வந்தார். குரல் ஏற்கெனவே உமி மாதிரி கரகரத்தது. "தனியா ஒரு ரூமுல நின்னு, காதுல மாட்டிகினு பாடுன்னா எனக்கு வராதும்மா. பம்பை அடிக்கிற அய்யனாரு மூஞ்சிய பாக்கணும். எல்லாரும் ஒன்னா நின்னு அடிக்கணும். அப்பத்தான் பாட்டு."

பிரபாவதி சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பம்பை, உடுக்கை, டிரம்ஸ், கீபோர்டு, புல்லாங்குழல், பாட்டு எல்லாவற்றுக்கும் மைக் வைத்தால் எட்டுக்குள் அடங்காது. பண்ருட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அருண்குமாரிடம் இன்னொரு பெட்டியை இரவல் வாங்கி வந்தாள். எட்டும் எட்டும் பதினாறு, தாராளம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மைன்ஸ் குடியிருப்பில் ஒரு கல்யாண மண்டபத்தில், இரும்புக் கால்கள்மேல் பலகை அடுக்கிய மேடையில் மைக்கெல்லாம் நிறுத்தினாள். இரண்டு பெட்டிகளையும் லேப்டாப்பில் செருகினாள். லேப்டாப் ஒன்றைக் கண்டால் இன்னொன்றைக் காணவில்லை என்றது. கழற்றி மாட்டினாள். திரும்ப அணைத்துப் போட்டாள். அய்யனார் பம்பையின் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டே, "இன்னா பிரபா, ரெண்டு பொண்டாட்டிக்காரன் வூடு மாரி இருக்குது. ஒருத்தி வந்தா ஒருத்தி வெளிய போயிடுறா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பிரபாவதி அருண்குமாருக்கு போன் போட்டாள்.

"அக்கா, அது ரெண்டும் வேற வேற கம்பெனி. நடுவுல ஒரு கேபிள் போடணும். ஒன்ன முன்னாடி நடக்கவுட்டு, இன்னொன்ன அது காலடிய பாத்து நடக்கவுடணும். இல்லன்னா ரெண்டும் தன் போக்குல ஓடும்."

"அந்த கேபிளு எங்க கெடைக்கும்?"

"சென்னைலதான். இன்னைக்கு கடை ஏதுக்கா?"

"அப்ப கீபோர்டு பையன் லேப்டாப்பையும் சேத்து ரெண்டு வச்சிக்கிறேன். ஒரு பொட்டிக்கு ஒன்னு. ஆரம்பத்துல ஒரு தடவ கை தட்டிடுறேன். அந்த சத்தத்த வச்சி அப்புறமா சேத்துக்கலாம்ல?"

"ஐயோ, வேணாம்க்கா, வெலகும்."

"எவ்ளோ வெலகும்?"

"கொஞ்சூண்டுதான், ஆனா..."

வாசலில் ஷிப்ட் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. 'ஆனா'வுக்குப் பிறகு வந்தது அவள் காதில் விழவில்லை. கொஞ்சூண்டுதான் என்ற வார்த்தை அவளுக்குப் போதுமாயிருந்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. மைக்செட் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு ஆம்ப்ளிஃபயர் போட்டால் இரண்டையும் ஒன்றோடொன்று பின்னக்கூடாது. ஒன்று புகைந்தாலும் இன்னொன்று நின்று பேசவேண்டும். தனகோட்டி வயரைச் சுருட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே மகளுக்கு இதைத்தான் சொல்லியிருந்தார். தனித்தனியாக ஓடுவது பாதுகாப்பு என்று அவள் கைக்குப் பழகியிருந்தது. தாளத்தை ஒரு லேப்டாப்பிலும், பாட்டையும் குழலையும் கீபோர்டையும் இன்னொன்றிலும் விட்டாள். நடுவில் மண்டபத்துச் சமுக்காளங்களைத் திரைபோலத் தொங்கவிட்டாள். அய்யனாரின் முகம் மட்டும் தெரியும்படி ஒரு இடைவெளி.

ஒரு பாட்டை ஒத்திகை பார்த்தபோது இன்னொரு தொல்லை. கொளஞ்சிநாதன் பாடும்போது வலதுகாலால் பலகையை ஓங்கி மிதிப்பார். அது பலகை வழியாக ஏறி எல்லா மைக்கிலும் குத்தியது.

"அண்ணா, காலு சத்தம் எல்லாத்துலயும் வுழுது. கீழ துணி மடிச்சி போடுறேன், அதும்மேல நின்னு பாடுங்க."

துணிமேல் நின்று பாடினார். நாலு அடி போவதற்குள் அய்யனார் நிறுத்திவிட்டார். "தலைவரே, நீ இருக்கியா போயிட்டியான்னே தெரியல. உன் காலு இல்லாம நான் எங்க போயி அடிக்கிறது?"

கொளஞ்சிநாதன் அவளைப் பார்த்தார். அவள் துணியை உருவினாள். போகட்டும், அப்புறம் அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

கை தட்டினாள். இரண்டு லேப்டாப்பும் ஓடத் தொடங்கின. ஒரு பாட்டு முடிந்ததும் அவர் உட்கார்ந்துவிடுவார். பட்டம்மாள் வெந்நீர் கொடுப்பாள். நெடுநேரம் கழித்து எழுந்து அடுத்த பாட்டைப் பாடுவார். நடுவில் எதையும் நிறுத்தாதே, நிறுத்தினால் திரும்ப வராது என்பதும் மைக்செட் பழக்கம்தான். ஓடியபடியே விட்டாள்.

நாலாவது பாட்டு அவர் பட்டம்மாளுக்காகக் கட்டியது. 'நெலக்கரித் தூசி தலைமேல, அத நெலவு தொடைக்குமா மாமா' என்று, நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவனிடம் பெண்டாட்டி கேட்கிற பாட்டு. மேல் ஸ்தாயியில் குரல் கிழிந்தது. கிழிந்த இடத்திலேயே நின்று பாடி முடித்தார். அய்யனார் பம்பையை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அங்கேயே முதல் பாட்டை மட்டும் சேர்த்துப் போட்டுக் காட்டினாள். தாளமும் குரலும் ஒட்டிப் பிறந்ததுபோல் இருந்தன. கொளஞ்சிநாதன் அவள் தலையில் கைவைத்து, "போதும்மா. இனிமே கத்திய வைக்கட்டும்" என்றார். அதுதான் அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு.

ஒரு கல்யாணமும் ஒரு மஞ்சள் நீராட்டும் கழிந்த பிறகே பிரபாவதி மிச்சப் பாட்டுகளைக் கேட்டாள். அதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது. இரண்டாவது பாட்டு பரவாயில்லை. மூன்றாவதில் காதில் உறுத்தியது. நாலாவதில் குரல் ஒரு பக்கமும் பம்பை ஒரு பக்கமும் போயின. நடந்துபோகிற மனுஷனுக்கு இன்னொருத்தருடைய நிழல் விழுந்ததுபோல் இருந்தது. இரண்டு பெட்டிகளின் ஓட்டத்துக்கும் இடையில் ஒரு நூலிழை வித்தியாசம். அந்த நூலிழை நேரம் ஆக ஆகச் சேர்ந்து சேர்ந்து, கடைசிப் பாட்டில் கயிறாகிவிட்டது.

"அதத்தானக்கா சொன்னேன்" என்றான் அருண்குமார். "நகத்திப் பாருங்க. காதுக்கு எங்க சேருதோ அங்க வைங்க."

நகர்த்தினாள். காதுக்குச் சேரவில்லை. கொளஞ்சிநாதன் தாளத்தின்மேல் நேராக உட்கார்ந்து பாடுகிறவர் இல்லை. அடி விழுந்தபிறகு சற்றே பின்தங்கி, ஏங்கி வருவார். அந்த ஏக்கம்தான் அவர். எவ்வளவு பின்தங்கினார்? கொஞ்சம் முன்னே நகர்த்தினால் வேறு யாரோ அவசரமாகப் பாடுவதுபோல் இருந்தது. கொஞ்சம் பின்னே தள்ளினால் குடித்துவிட்டுப் பாடுவதுபோல் இருந்தது. பாட்டு மைக்கில் விழுந்திருந்த பம்பைச் சத்தத்தை வைத்துப் பார்க்கலாம் என்றால், சமுக்காளத்துக்குப் பின்னாலிருந்து வந்த அது சேற்றுத் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. சரியான இடம் அவருக்கு மட்டும்தான் தெரியும். பாடிக் காட்ட அவரிடம் இப்போது குரல் இல்லை.

பிள்ளையார் கோயில் விழாவுக்கு வந்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு மனுஷன் கொரல என்னை நம்பி குடுத்துட்டு போனாரு. நான் அத ரெண்டா கிழிச்சி வச்சிருக்கேன்" என்று அப்பாவிடம் சொல்லி அழுதாள். தனகோட்டி மூச்சிரைத்துக்கொண்டே, "நான்தான ஒன்னோட ஒன்ன சேக்காதன்னு சொல்லிக்குடுத்தேன்" என்றார். அந்த ஆறுதல் இன்னும் வலித்தது. கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது, நாலாவது பாட்டு அழிந்துவிட்டது என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

பட்டம்மாள் போன் செய்தாள். "வூட்டுக்கு வந்துட்டோம் பிரபா. பாட்டு ஆச்சா? காதை தொட்டுத் தொட்டு கேட்டுகினே இருக்காரு."

பொய் சொல்வதற்காகத்தான் போனாள். லேப்டாப்பைப் பையில் வைத்திருந்தது, வெறுங்கையோடு போகக் கூச்சமாயிருந்ததால்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து, வெள்ளைத் துணி மூடியிருந்தது. அவளைப் பார்த்ததும் காதைத் தொட்டார்.

"இன்னாடி மூஞ்சி இப்பிடி கெடக்குது?" என்றாள் பட்டம்மாள்.

பொய் வாயில் வரவில்லை. நாலாவது பாட்டைப் போட்டாள். அவர் புருவம் சுருங்கியது. அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"என் தப்புண்ணா. ரெண்டு பொட்டியும் தனித்தனியா ஓடிடுச்சி. தாளம் வெலகிப்போச்சி. என்ன பண்ணியும் சேர மாட்டேங்குது."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டம்மாள் அடுப்பங்கரைக்குப் போனாள். குரலையாவது கேட்கட்டும் என்று பிரபாவதி தாளத்தை முழுக்க அணைத்துவிட்டு, வெறும் பாட்டை மட்டும் போட்டாள்.

கரகரத்த அந்தக் குரல் தனியாக வந்தது. சுவரைப் பார்த்தபடியே இருந்தார். ஆனால் கட்டிலுக்குக் கீழே அவருடைய வலதுகால் தரையை மிதித்தது. பிறகு மறுபடியும்.

அடுப்பங்கரை வாசலில் வந்து நின்ற பட்டம்மாள், "பாரேன். கொரலு போயிடுச்சி, காலு போவல" என்றாள்.

பிரபாவதி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று, வேண்டாத சத்தம் என்று அவளே வெட்டி வைத்திருந்த அடி ஓசையை லேப்டாப்பில் திரும்பத் திறந்துவிட்டாள். டொம். டொம். அவர் கால் தரையில் விழுந்த அதே கணத்தில் உள்ளேயும் பலகை அதிர்ந்தது. பம்பைக்கு வைத்திருந்த மைக்கைத் திறந்தாள். அதிலும் அந்த டொம் இருந்தது. ஒரே பலகை. ஒரே கால். பாட்டு மைக்கிலும் பம்பை மைக்கிலும் ஒருசேர ஏறிய சத்தம். துணியை உருவ வைத்த அய்யனாரை நினைத்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

அங்கேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அடியோடு அடியை வைத்துச் சேர்த்தாள். ஒரு மிதியைப் பொருத்தினால் அடுத்த மிதி மயிரிழை தள்ளி நிற்கும். தாளத்தைத் துளித்துளியாக இழுத்து அதையும் பொருத்தினாள். கொளஞ்சிநாதன் திரும்பி உட்கார்ந்து அவள் தோளுக்குமேல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக வராத இடத்தில் அவர் கால் மிதிக்காது. வந்த இடத்தில் மிதிக்கும். வெயில் வாசற்படியைவிட்டு இறங்கியபோது பாட்டு முழுசாக ஓடியது. குரல் கிழிகிற இடத்துக்கு வந்ததும் அவர் கண்ணை மூடினார். அங்கே அய்யனாரின் பம்பை அவருக்காகக் காத்திருந்து, பின்னாலேயே வந்தது.

முடிந்ததும் விரலைச் சுழற்றிக் காட்டினார். இன்னொரு தடவை.

பிரபாவதி இன்றும் மந்தாரக்குப்பத்தில் அதே கடையில்தான் இருக்கிறாள். அந்த கேபிளைச் சென்னையிலிருந்து வாங்கி வந்து, பெட்டிகளோடு வைத்திருக்கிறாள். அய்யனார் வேறொரு குழுவில் பம்பை அடிக்கிறார். கொளஞ்சிநாதன் அடுத்த வருஷம் ஆவணியில் இறந்துபோனார். பட்டம்மாள் குறிஞ்சிப்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறாள். பிரபாவதி சேர்த்துக் கொடுத்த அந்த நாலு பாட்டும் அவள் போனில் இருக்கின்றன. நாலாவதை மட்டும் அவள் யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை.