எடைத் தெரு

மெகருன்னிசாவை அந்த வேலைக்குச் சேர்த்துக்கொண்டதற்கு அவள் எட்டாவது வரை படித்திருந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பரங்கிப்பேட்டையில் எந்த வீட்டிலும் அடுப்படி வரைக்கும் அவளால் போக முடியும் என்பது. ஆண்கள் கப்பலேறிப் போய்விட்ட வீடுகள் அங்கே நிறைய. வெளி ஆள் வாசலில் நின்று குரல் கொடுத்தால் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வரும், அவ்வளவுதான். அவள் புருஷன் நூர்முகம்மதுவும் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். பிள்ளை இல்லை. மாமியார் மௌத்தான பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

வேலை கொடுத்தவர் ஞானசேகரன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் உணவு ரசாயனம் கற்பித்தவர். பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்ததால், காலை ரயிலில் வந்து இறங்கியதும் ஜனங்கள் அவரிடம் பல்வலிக்கு மருந்து கேட்டார்கள். "நான் கீரை டாக்டருங்க" என்று சிரித்துவிட்டு நடப்பார்.

அறுபத்தைந்தாம் வருஷம் அது. மழை பொய்த்து அரிசி கிடைக்காமல், ரேஷன் கோதுமையைக் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருந்த காலம். கடலோரத் தெருக்களில் பிள்ளைகளுக்கு அந்திசாய்ந்தால் கண் தெரியவில்லை. கீரையின் பச்சைக்குள்ளே கரோட்டின் என்று ஒரு மஞ்சள் சத்து இருக்கிறது, உடம்புக்குள் போனால் அதுதான் கண்ணுக்கு வேண்டிய 'ஏ' வைட்டமினாக மாறுகிறது என்று ஞானசேகரன் அவளுக்கு விளக்கினார். மீன் எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் சர்க்காரை எதிர்பார்த்து நிற்காமல், கொல்லையில் முளைக்கிற கீரையை வைத்தே பிள்ளைகளின் கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அதற்காக அக்கம்பக்கத்தில் இரண்டு தெருக்களைத் தேர்ந்தெடுத்தார். ஒரு தெருப் பிள்ளைகளுக்கு தினமும் முளைக்கீரையை நன்றாக வேகவைத்து, கடலை எண்ணெய் விட்டுக் கடைந்து, சோற்றில் பிசைந்து கொடுப்பது. இன்னொரு தெருப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கொடுக்காமல் எடை பார்ப்பது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது, கண்ணைப் பார்ப்பது மட்டும். இந்தச் சோதனைகள் முதல் தெருவிலும் உண்டு, இரண்டு தெருவிலும் வீட்டுக்குள் போய் இதையெல்லாம் செய்வதுதான் மெகருன்னிசாவின் வேலை. ஊர் ஜனங்கள் முதல் தெருவைக் கீரைத் தெரு என்றும் மற்றதை எடைத் தெரு என்றும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"எடைத் தெருவுல கீரையப் பத்திப் பேசவே கூடாதும்மா. ஒரு வார்த்தகூட" என்றார் ஞானசேகரன்.

"ஏன் சார், பக்கத்துத் தெருதானே? அங்கயும் ஒரு கரண்டி போட்டா என்ன?"

"போட்டுட்டா, கண்ணு நல்லானது கீரையாலயா, வலையில மீனு ஜாஸ்தி விழுந்ததாலயான்னு எப்படிச் சொல்றது? கொடுத்தா எப்படி, கொடுக்கலன்னா எப்படின்னு ரெண்டும் தெரியணும். அப்பத்தான் நான் சர்க்கார்கிட்டப் போயி நிக்க முடியும். ஜில்லா முழுக்கப் புள்ளைங்க இருக்குதும்மா. மழைக்காலம் முடியட்டும், எடைத் தெருவுல எல்லாருக்கும் மீன் எண்ணெயும் கொடுப்போம், கீரையும் கொடுப்போம்."

அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. எடைத் தெரு அம்மாக்கள் ரத்தம் எடுக்கப் பயந்தபோது அவள்தான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சமாதானம் சொன்னாள். சலீமா பீவி என்பவள் மட்டும் யோசிக்கவே இல்லை. "நீங்க சொன்னாச் சரி லாத்தா" என்று அக்கா முறை சொல்லி மகள் பாத்துமுத்துவின் கையைப் பிடித்து நீட்டிவிட்டாள். சலீமாவின் புருஷன் மீன் கூடையை சைக்கிளில் கட்டிக்கொண்டு புவனகிரிப் பக்கம் விற்கப் போகிறவர். பாத்துமுத்துவுக்கு நாலு வயது. எடை பார்க்கும் தராசில் உட்காருவதென்றால் அவளுக்கு அத்தனை குஷி. இறங்கமாட்டேன் என்று அடம் பிடிப்பாள்.

சலீமாவுக்கு அடுத்த வீடு மெகருன்னிசாவின் தம்பி கிபாயத்துல்லாவின் வீடு. தம்பி மலாயாவில். அவன் மனைவி ஜொஹராவும் மூன்று வயது மகன் மீரானும் அங்கே இருந்தார்கள்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் கண் பார்க்கும்போது, மீரானின் வெள்ளை விழி ஓரத்தில் சோப்பு நுரையைத் தடவினது போல ஒரு திட்டு இருப்பதை அவள் கண்டாள். சத்து குறைந்துபோனதற்கு அதுதான் அடையாளம் என்று அவளுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அவனை வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் மறுபடியும் பார்த்தாள். அடுத்த வீட்டுப் பாத்துமுத்துவின் கண்ணிலும் அதே திட்டு இருந்தது. அங்கே அவள் குனிந்து பார்த்தாள், குறித்துக்கொண்டாள், எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் கீரைத் தெருவில் பரிமாறி முடித்ததும், சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்து ஒரு தூக்கில் போட்டு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஜொஹரா வீட்டுக்குப் போனாள்.

"இது நமக்குள்ள இருக்கட்டும். சாருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்" என்றாள்.

"யாருகிட்ட லாத்தா நான் சொல்லப்போறேன்?" என்றாள் ஜொஹரா.

அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. மீரான் மடியில் உட்கார்ந்து வாயைத் திறக்க, அவள் ஊட்டுவாள். ஒரு நாள் அப்படி ஊட்டிக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவருகே பாத்துமுத்து நிற்பதைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"மாமி, எனக்கு?"

மெகருன்னிசாவின் கை நின்றது. தூக்கில் இன்னும் இருந்தது. அதில் ஒரு கவளம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் தினமும் வருவாள், வந்தால் சலீமாவுக்குத் தெரியும், சலீமாவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும்.

"இது மருந்துடி கண்ணு. கசக்கும்" என்றாள்.

பாத்துமுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடிப்போனாள்.

மழை தொடங்கியபோது சலீமா அவளைத் தெருவில் நிறுத்திக் கேட்டாள். "அந்தியில மக்ரிபுக்கு பாங்கு சொன்னாப் போதும் லாத்தா, இவளுக்கு ஒண்ணும் தெரியமாட்டேங்குது. சுவத்தத் தடவிக்கிட்டு வர்றா. நேத்து சோத்துத் தட்டுலயே கால வச்சிட்டா. ஏன் இப்படி?"

"சார்கிட்டச் சொல்றேன்" என்றாள் மெகருன்னிசா. சொல்லவும் சொன்னாள். ஞானசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நின்றார். "மாலைக்கண்ணு இந்த வயசுல பல புள்ளைங்களுக்கு வந்து தானாப் போறதுதான். இன்னும் கொஞ்ச நாள்தானே, முடிச்சிடுவோம். கருவிழி மங்கினா மட்டும் ஒடனே தந்தி கொடுங்க" என்றார். அவள் தலையாட்டினாள். மீரானின் கண்ணில் இருந்த திட்டு அதற்குள் மறைந்துபோயிருந்தது. கீரை வேலை செய்கிறது என்பதை அந்த ஊரிலேயே முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான்.

மார்கழியில் எடைத் தெருவில் மணல்வாரி அம்மை வந்தது. மீரானுக்கு உடம்பெல்லாம் கொட்டி, காய்ந்து, ஒரு வாரத்தில் எழுந்து விளையாடினான். பாத்துமுத்துவுக்கும் காய்ச்சல் விட்டது. ஆனால் அவள் கண்ணைத் திறக்கவில்லை. வெளிச்சம் பட்டால் கத்தினாள். அம்மை கண்ட வீட்டுக்கு யாரும் வரவேண்டாம் என்று ஊரில் சொல்லிவிட்டதால் மெகருன்னிசாவும் போகவில்லை. கடைசியில் சலீமாவே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள்.

இமையை மெல்ல விலக்கிப் பார்த்தாள் மெகருன்னிசா. வலது கண்ணின் கருவிழி சாம்பல் பூத்துக் குழைந்திருந்தது. இடது கண்ணிலும் பளபளப்பு இல்லை.

தந்தி கொடுத்தாள். ஞானசேகரன் அடுத்த ரயிலுக்கே ஓடிவந்து, தாயையும் பிள்ளையையும் மெகருன்னிசாவையும் கூட்டிக்கொண்டு கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி போட்டார்கள், மீன் எண்ணெய் கொடுத்தார்கள். இடது கண் பிழைத்தது. வலது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அவரோடு உட்கார்ந்திருந்தபோது மெகருன்னிசாவால் அடக்க முடியவில்லை.

"சார், அடுத்த வீட்டு மீரானுக்கு நான் கீரை கொடுத்துக்கிட்டிருந்தேன். என் தம்பி மவன். அவனுக்கும் கண்ணுல இதே திட்டு இருந்திச்சி."

"எடைத் தெருப் பையனுக்கா? அப்ப அவனக் கணக்குலேருந்து எடுக்கணுமே, ரத்தப் பரிசோதனையும் திருப்பி..." என்று ஆரம்பித்த ஞானசேகரன் பாதியில் நிறுத்தினார். முகம் கறுத்துப்போயிற்று. இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன பேசிக்கிட்டிருக்கேன்" என்றார் பிறகு. "தப்பு என்னுதும்மா. மாலைக்கண்ணுன்னு நீங்க வந்து சொன்ன அன்னிக்கே நான் எண்ணெய் கொடுத்திருக்கணும். நீங்க என்ன பண்ணுவீங்க? நான் சொன்னபடி நடந்தீங்க."

அந்த வார்த்தை அவளுக்கு ஆறுதலாக இல்லை. அவர் எடைத் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காமல் இருந்தார். அவள் அப்படியா இருந்தாள்? சொன்னபடி நடந்திருந்தால் நடந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரக்கப்பட்டு மீறியிருந்தால் மீறினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தன் ரத்தத்துக்கு மட்டும் மீறிவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் சட்டம் பேசியவள் என்ன சொல்லிக்கொள்வது?

ஞானசேகரன் மறு வாரமே எடைத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சுறா எண்ணெய் கொடுக்க ஏற்பாடு செய்தார். கீரையும் இரண்டு தெருவுக்கும் பொதுவாயிற்று. ஆராய்ச்சி பாதியில் நின்றுபோனதற்காகக் கல்லூரியில் அவருக்குப் பேச்சுக் கேட்க வேண்டியிருந்தது என்று பிற்பாடு அவள் கேள்விப்பட்டாள்.

சலீமாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று தெரிந்தும் பல நாள் அவள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். ஒருநாள் துணிந்து உள்ளே போனாள். சலீமா கொல்லையில் ஆட்டுக்குட்டிக்கு முருங்கைக் கொப்பை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மெகருன்னிசா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

சலீமா திரும்பாமலே பேசினாள்.

"மீரானுக்கு நீங்க ஊட்டுறது எனக்குத் தெரியும் லாத்தா. மாமி மருந்து கொடுக்குறாங்கன்னு இவ வந்து சொன்னா. ஒங்க மருமவன், நீங்க கொடுப்பீங்க, நான் அதக் கேக்கல" என்றாள். "ஆனா இவளுக்கு ஏன் இப்படின்னு கேட்டேன்ல? கண்ணு தெரியலன்னு தெருவுல வச்சி ஒங்கள நிறுத்திக் கேட்டேன்ல?"

சலீமா இன்னொரு கொப்பை ஒடித்தாள்.

"கீரை திண்ணா புள்ளைங்களுக்கு வயித்தால போவும்னு சொல்லுவாங்க. அதனால நான் கொடுக்கல. இந்தா, மரம் என் கொல்லையிலயே நிக்குது. தெனமும் ஆட்டுக்கு ஒடிச்சிப் போடுறேன். ஒங்க கீரை எனக்கு எதுக்கு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் கையாலேயே ஆஞ்சி வச்சிருப்பேனே."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். சலீமா சத்தம் போடவில்லை. கையில் மிச்சமிருந்த கொப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வருஷம் நூர்முகம்மது ஊருக்கு வந்தபோது மெகருன்னிசா அவரிடம் அழுதாள். "நீ என்ன, வேணும்னா செஞ்சே? அல்லாஹ்வோட நாட்டம்" என்றார் அவர். தன்னோடு பினாங்குக்கு வந்துவிடு, இடம் மாறினால் மனசும் மாறும் என்றார். அவள் போகவில்லை. ஆராய்ச்சி நின்று, சம்பளமும் நின்ற பிறகும் அவள் வீடு வீடாகப் போவதை விடவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீடாகப் பார்த்து நுழைந்து, எந்தக் கீரை, எப்படி வேகவைப்பது, ஏன் எண்ணெய் சேர்ப்பது என்று கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொன்னாள். "மெகருன்னிசா வர்றா, கதவச் சாத்து, கீரை ஓதப்போறா" என்று பொம்பிளைகள் அவள் காதுபடச் சிரித்தார்கள். அவள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. சலீமாவின் கதவு மட்டும் சாத்தியே இருந்தது. தெருவில் எதிர்ப்பட்டால் சலீமா சலாம் சொல்வாள். சலாம் சொல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று மெகருன்னிசாவுக்கு இருக்கும்.

அறுபத்தொன்பதில் ஒரு சாயங்காலம் பாத்துமுத்து வந்து வாசலில் நின்றாள். எட்டு வயதாகியிருந்தது. வலது பக்கம் பார்க்க வேண்டுமானால் முகத்தையே முழுசாகத் திருப்புவாள்.

"உம்மா ஒங்களக் கூட்டியாரச் சொன்னிச்சி மாமி."

மெகருன்னிசா துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தாள். சலீமா கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆறு மாதக் குழந்தை, ஆண். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.

"இவனுக்கு எப்பலேருந்து கொடுக்கலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

மெகருன்னிசா தரையில் உட்கார்ந்து சொன்னாள். இப்போதே ஆரம்பிக்கலாம், கொழுந்தாக ஆய்ந்து, குழைய வேகவைத்து, மசித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முதலில் விரலால் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும் என்று சொன்னாள். சலீமா குழந்தையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள். பிறகு குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள்.

"கண்ணப் பாருங்க."

வெளிச்சத்துக்காக மெகருன்னிசா குழந்தையை வாசல் பக்கம் திருப்பினாள். இமையை விலக்கி, ஒரு கண்ணைப் பார்த்தாள், மறு கண்ணைப் பார்த்தாள். திரும்பவும் முதல் கண்ணைப் பார்த்தாள். இரண்டும் ஈரமாக, பளிச்சென்று இருந்தன.

"நல்லாருக்கு. ரெண்டும் நல்லாருக்கு" என்றாள்.

சலீமா குழந்தையை வாங்கிக்கொண்டாள். "சரி" என்றாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை மெகருன்னிசா அந்த வீட்டுக்குப் போய்க் குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். சலீமா கதவைத் திறந்துவிடுவாள். மன்னித்தேன் என்று அவள் சொன்னதில்லை. சொல்லுவாள் என்று மெகருன்னிசா எதிர்பார்த்ததும் இல்லை. ஒவ்வொரு தடவையும் குழந்தையைப் பார்த்து முடித்து எழும்போது, பாத்துமுத்து அன்றைக்குப் போல ஏதாவது கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் அவள் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போவாள்.