மஞ்சள் துடைத்த காலை

நான் கோபக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோலார் தங்க வயலில் என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும், அந்த ரோப் மேஸ்திரிக்கு மூக்கு நுனியில் கோபம் என்றுதான் சொல்வார்கள். வேலை அப்படிப்பட்டது. ஷாஃப்ட் என்பது பூமிக்குள் நேராக இறங்கும் குழி. அதில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். எங்கள் ஷாஃப்டில் அப்போது ஒரே ஒரு கேஜ், அதைத் தாங்க ஒரே ஒரு கம்பி ரோப். அந்த ரோப் அன்றைக்கு ஆளைத் தாங்குமா என்று தினமும் காலையில் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான்.

எஞ்சின் எல்லாம் நீராவியில் ஓடிய காலம் அது. மின்சாரம் இன்னும் வரவில்லை. காலை ஷிஃப்டுக்கு முன்னால் எஞ்சின்காரர் ரோப்பை மெதுவாக ஓடவிடுவார். நான் ஒரு பிடி பஞ்சை ரோப்பைச் சுற்றிப் பிடித்தபடி நிற்பேன். எங்காவது ஒரு கம்பி இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளும். கண் ஏமாறும், பஞ்சு ஏமாறாது. முழு ரோப்பும் ஓடி முடிந்ததும் கையை உயர்த்துவேன். அதற்குப் பிறகுதான் ஆட்கள் ஏறலாம்.

அதிலும் எங்கள் ஷாஃப்டில் ஒரு வழக்கம் இருந்தது. கேஜ் இறங்கும் ஒவ்வொரு நடையிலும் முதலில் ஏறுகிறவன் என்னைப் பார்த்து, ரோப் பாத்தாச்சா என்று கேட்பான். பாத்தாச்சு, போங்க என்று நான் சொல்வேன். நான் கை உயர்த்தியதை அவனே பார்த்திருப்பான், இருந்தாலும் கேட்பான். யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது. ஒரு நாளைக்கு இருபது தடவை ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சல் வந்ததுண்டு.

ஆயுத பூஜை வந்தால் ஷாஃப்ட் கல்யாண வீடு ஆகிவிடும். பூதிகோட்டைப் பக்கமிருந்து வண்டியில் வாழைக்கன்று வரும். எஞ்சின்காரர் வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவரே, நாங்கள் எஞ்சினுக்குப் பொட்டு வைக்கும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் மேலே வை என்று யோசனை சொல்வார். அந்த வருஷம் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். எஞ்சினுக்குப் பூஜை, கொல்லனின் சுத்தியலுக்குப் பூஜை, எங்கள் வீட்டு ஆம்பிளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் ரோப்புக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை என்று. முன்னால் நின்று கேட்டவள் என் பெண்டாட்டி. அவளுடைய அண்ணனைச் சுரங்கத்துக்குப் பறிகொடுத்தவள் அவள். அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

கேஜை மேலே நிறுத்தினார்கள். பெண்கள் பலகை போட்டு ஏறி, கேஜுக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்கு ரோப்பில் மஞ்சளும் சந்தனமும் அப்பினார்கள். குங்குமம் வைத்தார்கள், கதம்பம் சுற்றினார்கள். என் பெண்டாட்டி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் ரோப்பைப் பிடித்தபடி நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததுதானே.

மறுநாள் விஜயதசமி. ஷிஃப்ட் காலையில் தொடங்கிவிடும், மறுபூஜை வெயில் ஏறிய பிறகுதான். மறுபூஜை ஆகும் வரை பூசியதைத் துடைக்கக் கூடாது என்பது எங்கள் ஜனங்களின் கட்டுப்பாடு. நான் பஞ்சோடு போய் நின்றேன். ரோப் முழுவதும் வழக்கம்போல ஓடி முடிந்தது, சுத்தமாக இருந்தது. கடைசியில் அந்த ஒரு ஆள் உயரம் மட்டும் பாக்கி. மஞ்சளும் சந்தனமும் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. அதன் மேல் பஞ்சை வைத்தால் என்ன தெரியும்? துடைத்தால்தான் தெரியும்.

எனக்குச் சாமி பயம் கொஞ்சம்தான், பெண்டாட்டி பயம்தான் அதிகம். ஆனால் அன்று இரண்டும் சேர்ந்துகொண்டன. அத்தனை பெண்கள் வேண்டிக்கொண்டு பூசியதை நான் துடைத்து, அன்றைக்கென்று ஏதாவது நடந்துவிட்டால் அந்தப் பழியை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? ரோப் கேஜோடு சேரும் இடம்தான் முதலில் கெடும் என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் பூஜைக்கு முன்னால் கனமான பம்பு இரும்புகளை அதில் இறக்கினார்கள், அதுவும் தெரியும். எல்லாம் தெரிந்தும், மறுபூஜை முடிந்ததும் துடைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு ஆள் உயரம்தானே என்று கையை உயர்த்திவிட்டேன்.

முதல் நடையில் ஏறியவன் கேட்டதற்குப் பாத்தாச்சு என்றேன், எட்டுப் பேர் போனார்கள். இரண்டாவது நடையில் முதலில் ஏறியவன் பாறையில் துளை போடும் ட்ரில்காரன். அவனுக்கும் எனக்கும் ஆகாது. குழாயடியில் ஆரம்பித்த சண்டை அது, எதற்கு என்றுகூட மறந்துபோன பிறகும் இருவரும் விடாமல் காப்பாற்றி வந்தோம். ரோப் பாத்தாச்சா என்று அவன் கேட்ட தோரணையே எனக்குப் பிடிக்கவில்லை. பாத்தாச்சு என்று அவன் முகத்துக்கு நேராகக் கத்தினேன். அவனோடு சேர்த்து எட்டுப் பேர் இறங்கிப் போனார்கள்.

மூன்றாவது நடை. முன்னால் வந்தவர் எனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லாதவர். அவர் எட்டி ரோப்பின் மஞ்சளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். மஞ்சளைக் கும்பிட்டவர் அதோடு போயிருக்கலாம். என்னையும் கேட்டார். ஏற்கெனவே இரண்டு முறை சொன்ன பொய்யை மூன்றாவது முறை சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏறாதீங்க என்றேன். எஞ்சின்காரரைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கையைக் குறுக்கே ஆட்டினேன். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, பூசிய இடத்தை நான் பார்க்கவில்லை, பார்க்காமலே கையைத் தூக்கிவிட்டேன் என்று சொன்னேன். பலகை போட்டு ஏறினேன். கதம்பத்தைக் கழற்றிக் கீழே நின்றவரிடம் கொடுத்தேன். ஈரத் துணியால் மஞ்சளைத் துடைக்கத் துடைக்க, சுற்றிலும் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியாக ரோப் கேஜில் சேரும் இடத்தில் பஞ்சை வைத்து இழுத்தேன். பஞ்சு வரவில்லை. ஒரு புரி முழுக்கக் கம்பிகள் அறுந்து நின்றன, அடுத்த புரியிலும் பாதி.

எஞ்சினீயர் துரை ஓடி வந்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை. கோபம் வந்தால் அதுவும் போய்விடும், குமாஸ்தாதான் எடுத்துச் சொல்ல வேண்டும். முதலில் ஷிஃப்டை நிறுத்தியதற்குக் கோபப்பட்டார். பிறகு ரோப்பைத் தொட்டுப் பார்த்தார். இது இன்னும் பத்து நாள் தாங்கியிருக்கலாம், அடுத்த நடையிலேயே போயிருக்கவும் கூடும் என்றார். பிறகு, காலையில் இதைச் சரி என்று விட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். இனிமேல் ரோப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டார். அநியாயம் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்குள் எனக்கு இன்னொன்று உறைத்தது. கீழே பதினாறு பேர் இருக்கிறார்கள். உச்சிப் பொழுதுக்கு முன்னால் துளையில் வெடிமருந்து அடைத்துத் திரியைக் கொளுத்திவிட்டு, கேஜில் மேலே வந்துவிடுவது அவர்கள் வழக்கம். திரியைக் கொளுத்திய பிறகு மணி அடித்தால் கேஜ் வராது. ரோப்பை வெட்டிப் புதிதாகப் பூட்ட அரை நாள் ஆகும். யாராவது ஏணி வழியே இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும். யாரையாவது அனுப்பு என்றார் துரை. ஆளைத் தேட வேண்டாம், நானே போகிறேன் என்றேன். அவர் தலையசைத்தார்.

இருபத்தைந்து ஏணிகள். சுவரெல்லாம் தண்ணீர் கசியும், படியெல்லாம் வழுக்கும். அது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அந்தப் பதினாறு பேரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் பயம். அவர்கள் வேலை செய்யும் லெவலில் போய்ச் சேர்ந்தபோது மருந்து அடைத்து முடித்திருந்தார்கள். ட்ரில்காரன்தான் திரி கொளுத்துகிறவன். திரியைத் தொடாதே என்று முதலில் சொன்னேன். பிறகு, நான் பார்க்காத ரோப்பில் உங்களை இறக்கிவிட்டேன், ரோப் கெட்டுப்போயிருக்கிறது, எல்லோரும் ஏணியில் ஏற வேண்டும் என்றேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவன் திரியைச் சுருட்டிப் பையில் போட்டான். பிறகு ஆரம்பித்தான் பாருங்கள். இருபத்தைந்து ஏணிக்கும் ஏணிக்கு ஒன்றாக என் பரம்பரையில் ஒருவரைக்கூட விட்டுவைக்கவில்லை. மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் நிறுத்துவான். நான் வாயைத் திறக்கவே இல்லை. என் கோபம் அன்று ஊருக்குப் போயிருந்தது.

மேலே வந்தபோது பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள், முன்னால் என் பெண்டாட்டி. நீ பூசியதை நான் துடைத்துவிட்டேன், மறுபூஜைக்கு முன்னாலேயே துடைத்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். காலையில் ஏன் துடைக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"நான் பூசுனது இன்னாத்துக்கு? நீங்க பாக்காம வுட்றதுக்கா?" என்றாள்.

துரை சொன்னதைவிட இதுதான் எனக்கு வலித்தது. அதற்குப் பிறகு மஞ்சளுக்குப் பயந்து ஒரு கம்பியைக்கூட நான் பார்க்காமல் விட்டதில்லை.

பிற்பகலில் ரோப்பின் கெட்ட முனையை வெட்டி எறிந்து, புதிதாகப் பூட்டி முடித்தார்கள். கேஜில் கல்லை நிரப்பி மூன்று முறை இறக்கி ஏற்றினார்கள். துரையே பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு என் இடத்துக்கு வேறொரு ஷாஃப்டிலிருந்து வரவழைத்த ஆளை முன்னால் நிறுத்தி, இனி இவர்தான் ரோப் மேஸ்திரி என்று குமாஸ்தாவை விட்டுச் சொல்லவைத்தார். நல்ல வேலைக்காரன்தான், எனக்கே தெரியும். நான் கூட்டத்துக்குப் பின்னால் வீட்டுக்குப் புறப்படத் தயாராக நின்றேன். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் கேஜுக்கு முன்னால் வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. என்ன வேண்டுமாம் என்று குமாஸ்தாவைக் கேட்டார். எழுந்து நின்றவன் ட்ரில்காரன். அவன் ஷிஃப்ட் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பழைய மேஸ்திரியே ரோப்பைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் இறங்கமாட்டோம் என்றான். பொய் சொல்லி உங்களை இறக்கியவனையா கேட்கிறீர்கள் என்றார் துரை. நானும் மனசுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டேன்.

"ஆமா, பொய்தான் சொன்னாரு. அத்த அவரேதான வந்து சொன்னாரு. யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஏணியில எறங்கி எங்க மூஞ்சியப் பாத்து சொன்னாரு. இந்தப் புது ஆளு நல்லவராத்தான் இருப்பாரு. ஆனா தப்பு பண்ணா வந்து சொல்லுவாரான்னு எங்களுக்கு இன்னா தெரியும்?" என்றான் ட்ரில்காரன்.

குமாஸ்தா அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட அசையவில்லை. கடைசியில் துரை குமாஸ்தாவிடம் சுருக்கமாக ஏதோ சொன்னார். குமாஸ்தா கூட்டத்தைத் தாண்டி என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"துரை கேக்கறாரு, இன்னும் இன்னாத்துக்கு அங்க நின்னுக்கினு கீறேன்னு. போய் ரோப்பப் பாரு," என்றார்.

உட்கார்ந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அந்த வழியில் நடந்தபோது எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எங்கும் நடந்ததில்லை. புதிதாக வந்த ஆள் பஞ்சை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ரோப் முழுவதையும் அங்குலம் அங்குலமாக ஓடவிட்டுப் பார்த்தேன், ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.