அண்ணன் வீட்டுப் புது ஹார்ட் டிஸ்க்

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால்தான் என் ஞாபகம் வரும். கல்யாணம், காதுகுத்து என்றால் கடைசி நேரத்தில் போனில் ஒரு செய்தி தட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் மட்டும் விடிந்ததும் விடியாததுமாகக் கூப்பிடுவார்கள். ஸ்கூடாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நான் இலவச மெக்கானிக்.

போன மாதம் மூவாரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். அங்கே அவர் மேசை நாற்காலி செய்து விற்கிறார். கம்ப்யூட்டர் திறக்கவே இல்லையாம், ஹார்ட் டிஸ்க் போய்விட்டதாம். "வாரண்டில வேற டிஸ்க் தர்றான். நீ வந்து விண்டோஸ் போட்டுக் குடுத்திரு லா."

வேறு சமயமாக இருந்தால் லீவு இல்லை என்று கழன்றுகொண்டிருப்பேன். ஆனால் அந்தப் பழைய டிஸ்க்கில் அம்மாவின் வீடியோ இருந்தது.

அம்மா கடைசிவரை அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். போன தீபாவளிக்கு எனக்கு வேலை, போக முடியவில்லை. அம்மாவுக்குக் காது மந்தம், போனில் பேசினால் எடுபடாது. "அவகிட்ட ஒண்ணு சொல்லணும், படம் புடிச்சு அனுப்பு" என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறாள். அவரும் எடுத்திருக்கிறார், அனுப்பவில்லை. அடுத்த மாதமே அம்மா போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று அண்ணிதான் பேச்சுவாக்கில் அந்த வீடியோவைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு நான் எப்போது கேட்டாலும் அண்ணனிடம் ஒரே பதில்தான்: "போன்ல எடம் இல்லன்னு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன்மா. அப்புறம் அனுப்புறேன்." இதோ, ஒரு வருஷம் ஆகப்போகிறது.

"பழைய டிஸ்க்க யாருகிட்டயும் குடுத்துராதீங்க. நான் வந்து பாத்துக்கிறேன்" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னேன். சரி சரி என்றார்.

கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்தும் சில சமயம் எதையாவது மீட்டுவிடலாம். அதற்கு வேண்டிய கேபிள்களை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மூவார் போனேன். மேசைமேல் புது டிஸ்க் உறை பிரிக்காமல் இருந்தது. பழையது எங்கே என்று கேட்டேன்.

"அதக் கடையில குடுத்தாச்சு லா. பழசக் குடுத்தாதான் புதுசு தருவானாம்."

"நான் எவ்ளோ சொன்னேண்ணே."

"உள்ள இருக்கிறத எடுக்கணும்னா கோலாலம்பூருக்கு அனுப்பணுமாம், ரொம்ப நாளாவுமாம். எனக்கு இங்க ஆர்டர் நிக்குது."

நானே எடுத்துத் தருகிறேன் என்றுதானே வந்தேன். கடைக்குப் போன் போட்டுப் பார்த்தேன். டிஸ்க்கைக் கம்பெனிக்கு அனுப்பியாகிவிட்டது, இனி திரும்ப வராது என்றார்கள்.

அப்படியே எழுந்து போயிருக்க வேண்டும். போகாமல் டிஸ்க்கை மாட்டி, விண்டோஸ் இருந்த பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். எந்த நாடு, என்ன மொழி என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டது. இந்த டிஸ்க்கில் எதுவும் இல்லை, இதிலேயே போடலாமா என்றும் கேட்டது. போடு என்று அழுத்தினேன். அண்ணி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

"அம்மா அதுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அண்ணன் யோசித்தார், அல்லது யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "என்னமோ சொன்னாங்க, ஞாபகம் இல்லமா. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லியிருப்பாங்க. வேற என்ன சொல்லப்போறாங்க?"

காது கேட்காத அம்மா சத்தமாகத்தான் பேசியிருப்பாள். எதிரே நின்று படம் பிடித்த இந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தைகூட மண்டையில் ஏறவில்லை. என்னால் இதை மன்னிக்க முடியவில்லை, மன்னிக்கவும் விருப்பமில்லை.

ஒருவழியாக எல்லாம் ஏறி முடிந்தது. திரையில் ஒரு கோப்புகூட இல்லை. அண்ணன் மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

"அலமாக், என்னா வேகம்" என்று வியந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அடுத்த மாசம் அம்மாவுக்கு வருஷம் வருதில்ல, பேப்பர்ல நினைவஞ்சலி போடணும். கால் பக்கம் சொல்லி வச்சிட்டேன். நல்ல படமெல்லாம் அந்தப் பழசுலயே போயிருச்சு. உங்கிட்ட அம்மா படம் இருக்கும்ல? ஒண்ணு அனுப்பேன்."

என் கைப்பேசி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தினால் முகப்பிலேயே அம்மாதான், பச்சைச் சேலையில் சிரித்துக்கொண்டு இருப்பாள்.

"அப்புறம் அனுப்புறேண்ணே" என்றேன்.

பென் டிரைவைப் பிடுங்கி, கைப்பேசியைக் கவிழ்த்தபடியே பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அண்ணன் கார்வரை கூடவே வந்தார்.

"மறந்துராத லா" என்றார்.