சாவியை அம்மா வாங்கவில்லை

கண்டியில் மாடி வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அது நிற்கிற நிலம் யாருடையது என்று பாருங்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பேராதனை வீதியில் இரண்டாம் மாடி, இரண்டு அறை, அம்மா உட்கார்ந்து போகிற வருகிற பஸ்களைப் பார்க்க ஒரு பெரிய ஜன்னல். விற்கிறவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. நிலம் வேறொரு குடும்பத்துடையது, வீடு மட்டும் நீண்ட காலக் குத்தகைக்கு எழுதப்பட்டது என்று முதல் நாளே சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். ஆசை வந்தால் காது அடைத்துவிடும் போலிருக்கிறது.

அவர் துணிக்கடை நடத்தி ஓய்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர். மனைவி மௌத்தாகி அடக்கமான பிறகு அக்குறணையில் மகளோடு இருந்தார். நான் ஒரு அலுவலகத்தில் கிளார்க். அம்மாவுக்கு நான் ஒரே மகள், வேறு பிள்ளையில்லை. பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தே என்னைப் படிக்கவைத்தாள். அப்பா போன பிறகு, தோட்டம் குடியிருக்கக் கொடுத்திருந்த ஒற்றை அறையை, லயத்துக் காம்பிராவை, விட்டு என்னோடு டவுனுக்கு வந்தாள். அதற்குப் பிறகு எத்தனை வாடகை வீடுகள்! எல்லா வீட்டுக்காரர்களும் நல்லவர்கள்தான், காலி பண்ணச் சொல்கிற நாள் வரைக்கும். ஒவ்வொரு முறையும் சாமான் ஏற்றிய லொறியின் முன்சீட்டில் சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வருவாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று.

"காலி பண்ணுன்னு சொல்ல ஆள் இல்லாத ஒரு எடம் வேணும். என்னைத் தூக்குறதுன்னா அங்கருந்துதான் தூக்கணும்" என்பாள்.

வங்கியில் கடன் தர ஒத்துக்கொண்டார்கள். வீட்டை ஈடு வைக்க வேண்டும், அதற்குச் சட்டத்தரணி பத்திரங்களைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். அந்த அவ்வளவுதானில்தான் எங்கள் ஆயுள் கரைந்தது. சட்டத்தரணி யாழ்ப்பாணத்துக்காரர், கோர்ட்டுக்குப் பக்கத்தில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கந்தோர். "ஓம் பிள்ளை, வாற கிழமை முடிச்சுப்போடலாம்" என்று வாரத்துக்கு வாரம் சொல்வார். மனிதர் பொய் சொல்கிறவரில்லை. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நம்பினார்.

பத்திரங்களைத் தோண்டினால், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. நிலத்துக்காரர் எப்போதோ இறந்துவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். குத்தகை வேறு கைக்கு மாறவும், அதை வங்கியில் ஈடு வைக்கவும் அவர்கள் எல்லாரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். ஒரு மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பினான். கனடாவில் இருந்த மகள் பதிலே போடவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! பூசாரி கனடாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். இதற்குள் வங்கி தந்த அனுமதியின் காலம் முடிந்து, முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. சம்பளக் கடிதத்தை எழுதித் தருகிற எங்கள் கந்தோர் ஐயாவே "இன்னுமா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவரை முறைத்துவிட்டு வந்தேன். என் குணம் அப்படி. அந்தச் சம்மதம் கடைசியில் வந்து, அந்த வீட்டில்தான் இப்போதும் இருக்கிறேன். ஆனால் அதெல்லாம் அம்மாவுக்குப் பிறகு.

ஒரு நாள் அம்மாவும் சட்டத்தரணியிடம் வந்தாள். கதிரையின் நுனியில் உட்கார்ந்து அவர் சொல்வதையெல்லாம் கேட்டாள்.

"வீடு உங்களுக்குத்தான் அம்மா. குத்தகைக் காலம் முடிஞ்சாப் பிறகுதான் காணிக்காரர் திருப்பிக் கேக்கலாம். அதுக்கு இன்னும் கனகாலம் கிடக்கு" என்றார் அவர்.

"அப்ப இதுவும் காம்பிராதானுங்களா ஐயா?" என்று அம்மா கேட்டாள்.

அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பரவால்ல. எத்தன வருசமோ அத எழுதிக் குடுக்கட்டும். என் காலத்துக்குக் காணும்" என்றாள்.

தாமதத்துக்கு வீட்டை விற்கிற பெரியவர்தான் எங்களைவிட அதிகமாக வெட்கப்பட்டார். ஒரு நாள் எங்களைப் பேராதனை வீதிக்கு வரச்சொன்னார். வீட்டைக் கழுவித் துடைத்து, பேருக்கு ஒரு சாமான் இல்லாமல் வைத்திருந்தார். வாசலிலேயே சாவியை நீட்டினார்.

"வந்து இரிங்க மகள். பேப்பர் வாரப்ப வரட்டும். ஊடு சும்மாதானே ஈக்குது" என்றார்.

நான் கையை நீட்டிவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். வாசற்படிக்கு வெளியே நின்றபடியே பேசினாள்.

"தோட்டத்துல எங்களுக்குப் புதுக் காம்பிரா ஒண்ணு குடுத்தாங்க, மொதலாளி. சாவிய கையிலதான் குடுத்தாங்க. பால் காச்சி, அடுப்பு பத்த வச்சி, செவுத்துக்கு வெள்ளையும் அடிச்சோம். மழ ஓயுறதுக்குள்ள வேற ஆளுக்குன்னு காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எங்க கிட்ட எழுத்தா இருந்துச்சி? சாவிதானே இருந்துச்சி."

"நான் அப்படிச் செய்வேனா தங்கச்சி?"

"நீங்க செய்ய மாட்டீங்க. ஒங்களுக்கு மேல ஆளு இருக்காங்களே."

அவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் நான் அவளோடு சண்டை பிடித்தேன், பக்கத்து சீட்டு மனுசி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. லயத்தை விட்டு வந்தும் லயம் உன்னை விடவில்லை என்றேன். அவள் காது கேட்காதவள் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டில் என்னைக் கண்டதும் உடம்பைப் பற்றிச் சொல்ல மாட்டாள். "ஐயா என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்பாள். வாற கிழமையாம் என்பேன். தலையை ஆட்டுவாள். ஒரு விடிகாலையில் அந்தக் கேள்வியும் நின்றுபோனது.

வாடகை வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் பண்ணினேன். நாங்கள் இருந்தது அவர் வீட்டின் பின்பகுதியில், அவர் மகளுக்கு அந்தக் கிழமை கல்யாணம். வீட்டுக்குள் பிணம் வைக்க வேண்டாம் என்று அழுதுகொண்டே கெஞ்சினார். கோபப்படத் தெரிந்த எனக்கு அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை. கல்யாண வீட்டில் எப்படிக் கொண்டுபோய் வைப்பது? சரி என்றேன். பெரியவருக்குச் செய்தி எப்படிப் போனதோ, அவரே போன் பண்ணினார்.

"உம்மாவ இங்க கொண்டு வாங்க மகள். நான் போய்க் கதவைத் தொறந்து வைக்கிறேன்."

தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவள் எழுந்து வந்து தடுக்கப் போவதில்லை. ஆனால் உயிரோடு தாண்ட மறுத்த வாசற்படியைப் பிணமான பிறகு தாண்டவைக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் மொதலாளி என்றேன். பிரேதம் வைக்க மண்டபம் வாடகைக்குத் தருகிற மலர்ச்சாலைக்குக் கொண்டுபோனோம்.

பன்விலயிலிருந்து சொந்தக்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

"சொந்த வீடு வாங்கியாச்சுன்னு அக்கா தோட்டம் பூரா சொல்லி வச்சிருந்துச்சே ஆயி. ஏன் இங்க வச்சிருக்கீங்க?"

"பத்திரம் இன்னும் வரல மாமா."

அவர் குற்றம் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். "நமக்கு எந்தக் கடுதாசி நேரத்துக்கு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் போனார்.

மத்தியானம் தாண்டியதும் மலர்ச்சாலைக்காரர் என்னைத் தேடி வந்தார். தன்மையான மனுசன், கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினார்.

"மிஸ், நாலு மணிக்கு இன்னொரு குடும்பம் வருது. அதுக்கு முன்ன ஹோலைக் காலி பண்ணிக் குடுத்தா நல்லது."

அம்மாவின் முகத்தில் ஒட்டியிருந்த பூவிதழை எடுத்துவிட்டு, மாமாவைக் கூப்பிட்டேன். "இதோ, எடுத்துடுறோம்" என்று மலர்ச்சாலைக்காரரிடம் சொன்னேன்.