செக்கிங் நாளில் ஒரு கதவு நிலை

அந்தக் கதவு நிலையைத் தூக்கிப் போடச் சொன்னவள் நான்தான். வண்டலூர் தாண்டி இருக்கும் முகாமில் பழைய வீடுகளை இடித்துப் புது வீடு கட்டித் தரும் டிரஸ்ட் ஒன்றில் எனக்கு மேற்பார்வை வேலை. இலங்கைப் போருக்குத் தப்பிப் படகேறி வந்த குடும்பங்கள் அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டன. அன்று நாங்கள் இடித்தது ஒரு பெயின்டரின் வீடு. அந்த நிலைக்கு அவர் பொங்கலுக்குப் பொங்கல் நீலம் அடித்து, மேல்கட்டையில் வீட்டு எண்ணை வெள்ளையில் எழுதி வைப்பார். கரையான் பாதியைத் தின்றிருந்தது.

"புது வீட்டுக்கு இரும்புக் கதவு வருதும்மா, இது எதுக்கு?" என்றேன். அவர் மனைவி நிலையை இழுத்துக்கொண்டுபோய் வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை குரோம்பேட்டை ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் கீல் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவிடமிருந்து போன்.

"அக்கா, செக்கிங் வந்திட்டுது. இவர் போனை எடுக்கிறாரில்லை."

செக்கிங் அன்று வருவாய்த்துறை அதிகாரி ஒவ்வொரு வரிசையாக வருவார். குடும்பத்தில் எல்லோரும் அவரவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நிற்காத ஆளின் பெயரை முகாம் பதிவேட்டிலிருந்து வெட்டிவிடுவார்கள். வழக்கமாக முன்கூட்டியே சொல்வார்கள், ஆண்கள் அன்றைக்கு வேலைக்குப் போகமாட்டார்கள். செக்கிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பித்தான் நாங்களும் வீட்டை இடித்தோம். இந்தப் புது அதிகாரியோ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார். புது வீடு அனுமதியாகியிருப்பது பெயின்டரின் பெயரில். அந்தப் பெயர் போனால் புது வீடும் போய்விடும். பழைய வீட்டை நேற்றே நாங்கள் மண்ணாக்கிவிட்டோம்.

"நீங்க வாசல்ல நில்லுங்க, நான் அவரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

"எந்த வாசல்ல அக்கா?"

போனை வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

பெயின்டர் கீழ்க்கட்டளையில் ஒரு அடுக்குமாடிக்கு வெளிப்பூச்சு அடிப்பது எனக்குத் தெரியும். சந்து சந்தாக ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் நிதானமாக நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இன்னாம்மா, யாரு வோணும்? பெயின்டரா? அதோ மேல கயித்துல தொங்கிகினு கீறாரு பாரு."

போனைக் கீழே பையில் வைத்துவிட்டுத்தான் கயிற்றில் ஏறுவாராம். நான் அண்ணாந்து, தொண்டை கிழிய "செக்கிங்!" என்று கத்தினேன். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பிரஷ் கீழே வந்து விழுந்தது, பின்னாலேயே அவரும் இறங்கி வந்தார். முகத்தில் ஒட்டியிருந்த பெயின்டைக்கூடத் துடைக்கவில்லை.

பின்னால் ஏறி உட்கார்ந்த அவருக்கு ஹெல்மெட் இல்லை. எந்த போலீஸ்காரராவது நிறுத்தினால் அவரோடு மல்லுக்கு நிற்கிற வெறியில் ஓட்டினேன். மேடவாக்கம் தாண்டியதும் செம்பாக்கத்தில் ஒரு பஸ் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. கேம்ப் ரோடு சிக்னல் சிவப்பிலேயே உறைந்துவிட்டது. நான் சிக்னலைத் திட்டினேன், பஸ்ஸைத் திட்டினேன், வீட்டை இடிக்க அவசரப்பட்ட எங்கள் ஆட்களையும் சேர்த்துத் திட்டினேன். தாம்பரம் மேம்பாலம் ஏறும்போதுதான் பின்னாலிருந்து பெயின்டர் பேசினார்.

"என்ர தம்பி ஆஸ்பத்திரியில கிடந்தவன், அக்கா. அந்த நேரம் பார்த்து அவன்ர பேரை வெட்டிப் போட்டாங்கள். திரும்பச் சேர்க்கிறதுக்குள்ள அவன் செத்துப் போனான்."

ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். இத்தனை வருஷம் ஒரு நாட்டில் இருந்தும் வாசலில் நின்று தலையைக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. அதிகாரியிடம் என்ன சண்டை போடுவது என்று பெருங்களத்தூரிலிருந்து முகாம்வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

முகாமுக்குள் நுழைந்தபோது அதிகாரி பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்தார். அடுத்தது இவர்கள் இடம். இடிபாட்டின் முன்னால், வாசல் இருந்த அதே இடத்தில் அந்த நீல நிலை நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் கல்லூரிக்குப் போகும் மகள். இருவரும் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்கள்.

அதிகாரி எண்ணைப் படித்தார். பெயின்டரின் பெயரைக் கூப்பிட்டார்.

பெயின்டர் நேராக அதிகாரி முன்னால் ஓடி நின்றிருக்கலாம். அவர் இடிபாட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார். செங்கல் குவியலில் இடறி ஏறி, பின்பக்கமாக வந்து, அந்த உயரம் குறைந்த நிலைக்குள் வழக்கம்போலத் தலையைக் குனிந்து வெளியே வந்தார்.

"இருக்கிறன், சார்."

அதிகாரி நிலையைப் பார்த்தார், அதன் பின்னால் தெரிந்த வெட்டவெளியைப் பார்த்தார். "இது என்னம்மா?" என்று கேட்டார்.

"எங்கட வீடு, சார்" என்றார் மனைவி.

அதிகாரி டிக் அடித்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சண்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எனக்கு அழுகைதான் வந்தது.

"போயிட்டாரும்மா, கீழ வைங்க" என்றேன். மகள் கையை எடுத்துவிட்டாள். அம்மா விடவில்லை.

"அக்கா, அடுத்த செக்கிங்குக்குள்ள ஒரு சுவராவது வந்திடுமா?"

வரும் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. சிமெண்டு எப்போது வரும் என்றே தெரியாது. நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த கொத்தனாரைப் பார்த்து, "அண்ணா, எழுந்து வாங்க. இன்னிக்கே சுவருக்கு நூல் பிடிக்கணும்" என்று கத்தினேன்.

"வாசலுக்கு அளவு? இரும்புக் கதவுக்குத்தானே?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. இவங்க கையில இருக்கிற நிலைக்கு."