தோற்காதவனுக்கு நான் போட்ட புள்ளி

குத்துச்சண்டைக்குப் புள்ளி போடுறவனுக்குக் கிடைக்கிறது ஒரு பென்சில், ஒரு துண்டுக் கடதாசி, நாலு பக்கத்தாலும் ஏச்சு. யுத்த காலத்தில திருகோணமலைத் துறைமுகத்தில கிளாக்கரா இருந்த நான், சனிக்கிழமையில இந்த வம்பையும் நானாப் போய் வாங்கினனான். ஊரடங்குக்கு முன்னம் சனம் வீடு போய்ச் சேரவேணும் எண்டு, கொளுத்துற மத்தியான வெயிலிலதான் போட்டி. நீங்களும் ஒருக்காலாவது ஆளின்ர தோற்றத்தில மயங்கி மதிப்புப் போட்டிருப்பியள். அந்தத் துணிச்சலிலதான் இதைச் சொல்லுறன்.

காலைப் பார்த்த கண்

பாலையூற்று ஜெயசீலன் வந்தால் கூட்டம் எழும்பி நிக்கும். நல்ல உயரம், சுருட்டை முடி, அக்கா தைச்சுக் குடுத்த நீலப் பட்டுக் காற்சட்டை. கயிற்றுக்கு மேலால ஒரே பாய்ச்சலில உள்ள இறங்குவான். கிண்ணியா முபாரக் கயிற்றுக்குக் கீழால குனிஞ்சு வருவான். இறங்குதுறையில நாட்கூலிக்கு மூட்டை தூக்கிறவன். கழுத்து தோளுக்குள்ள புதைஞ்சிருக்கும், காது நசிஞ்சிருக்கும், காலை இழுத்து இழுத்து நடப்பான். பார்க்கச் சகிக்காது, உண்மையைச் சொல்லவேணும்.

முதல்தரம் ரெண்டு பேரும் மோதேக்க நான் ஜெயசீலனின்ர காலை விட்டுக் கண் எடுக்கேல்ல. அடடா, என்ன ஆட்டம்! அவன் காற்றில வீசினதெல்லாம் எனக்குப் பட்ட குத்தாத்தான் தெரிஞ்சது. மூன்று ரவுண்டும் அவனுக்கே எழுதினன். மற்ற ரெண்டு நடுவர்மாரும் முபாரக்குக்கு எழுத, முபாரக் வெண்டிட்டான். கடதாசிகளைச் சேர்த்த மூத்த நடுவர் பேரின்பம் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிப்போட்டுச் சொன்னார்: "தம்பி, நீர் பரதநாட்டியத்துக்குப் போட்ட புள்ளி இஞ்ச மாறி வந்திட்டுது போல."

செக்பொயின்ற்

ஒருக்கா ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போட்டிக்குப் போகேக்க, செக்பொயின்ற்றில பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கினாங்கள். பையைத் திறந்து கையுறையைக் கண்ட ஆமிக்காரனுக்கு முகமெல்லாம் பல்லு. நேரே ஜெயசீலனிட்டப் போய்க் கை குடுத்து, "சம்பியன்!" எண்டான். ஜெயசீலன் வெட்கப்பட்டுச் சிரிச்சானே தவிர, இல்லை எண்டு சொல்லேல்ல. முபாரக்கின்ர பையை மட்டும் தலைகீழாக் கொட்டி, கையில சுத்துற துணியையும் கடைசி முழம் வரைக்கும் விரிச்சுப் பார்த்தான்.

எனக்குக் கோபம் ஏறிச்சுது. தெரிஞ்ச சிங்களத்தில, "சம்பியன் இவன்தான், இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரிட்டயும் தோற்கேல்ல" எண்டன். ஆமிக்காரன் முபாரக்கை மேலும் கீழும் பார்த்திட்டுத் தனக்குத் தெரிஞ்ச தமிழில, சிங்கள 'ஐயா'வையும் சேர்த்துச் சொன்னான்: "மாத்தயா, பொய் சொல்ல வேணாம்."

கொழும்புக்கு ஒருத்தன்

அந்த ஆமிக்காரனை நினைச்சு நினைச்சுச் சிரிச்ச நான் என்ன கிழிச்சன் எண்டு கேளுங்கோ. அந்த வருஷம் கொழும்பில தெரிவுப் போட்டி. எங்கட பக்கத்தால இவை ரெண்டு பேரின்ர எடைக்கு ஒருத்தன்தான் போகலாம். நல்லாச் செய்தால் ஒரு பெரிய அணியில இடம், அதோட நிரந்தர வேலை. முபாரக்குக்கு ரெண்டு பிள்ளையள். பிரச்சினை எண்டு இறங்குதுறையைப் பூட்டுற நாளில அவன்ர வீட்டில அடுப்பெரியாது. ஆளைத் தெரிவு செய்ய ரெண்டு பேரையும் மோத விடுறதாத்தான் இருந்தது. அண்டைக்கு விடியவே ஊரடங்கு போட்டிட்டாங்கள். பேர் அனுப்ப வேற நாளில்லை. ஊரடங்கு எடுத்த கையோட நடுவர்மார் மூன்று பேரும் கூடி, கடதாசியில எழுதித் தெரிவு செய்தம்.

பேரின்பம் மாஸ்டர் முபாரக் எண்டு எழுதினார். மற்றவர் ஜெயசீலன் எண்டு எழுதினார். மிச்சம் நான். முபாரக் தோற்றதே இல்லை எண்டு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும், அந்த இழுத்த நடையைக் கொழும்புக்காரருக்குக் காட்டினால் எங்களுக்கு என்ன மரியாதை எண்டு யோசிச்சு, ஜெயசீலன் எண்டு எழுதினன். மாஸ்டர் ஏசேல்ல. கடதாசியை மடிச்சுச் சட்டைப்பையில வைச்சார். "சரி, வடிவான ஆள் போகட்டும். இதை முபாரக்கிட்ட நீரே போய்ச் சொல்லும்."

இறங்குதுறை

நான் போகேல்ல. பயம். அறிவித்தல் பலகையில ஒட்டின பேரைப் பார்த்துத்தான் முபாரக் அறிஞ்சவன். ஜெயசீலன் முதல் போட்டியிலயே தோத்து வந்தான். பேப்பரில வெண்டவனின்ர படத்தைக் காணேல்ல, இவன்ர படம்தான் வந்தது. கண்டியளோ, தோற்றத்தில மயங்கிற இந்த நோய் எனக்கு மட்டும் இல்லை.

அதுக்குப் பிறகு மனம் கேக்காமல் இறங்குதுறைக்குப் போனன். முபாரக் கோதுமை மா மூட்டையோட வந்தான். "முபாரக், நான் பெரிய பிழை விட்டிட்டன்" எண்டன். மூட்டையை இறக்கி வைச்சு முகத்தைத் துடைச்சான். அவனுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. "ரிங்குக்குள்ள எண்டா அடி வாறது தெரியும் சேர், விலகிருவன். நீங்க அடிச்சது மட்டும் தெரியாமப் போயிட்டு."

கடைசி வரைக்கும் ரிங்குக்குள்ள ஒருத்தராலும் முபாரக்கை வெல்ல ஏலேல்ல; அவனை விழுத்தின ஒரே ஆள் நான்தான், அதுவும் இருந்த கதிரையை விட்டு எழும்பாமல்.